புரோபேட் கட்டாயம் போன பிறகு உயில் வக்கீலுக்கு என்ன வேலை?

பார்வையாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. புரோபேட், அதாவது உயில் உண்மையானது என்று கோர்ட் தரும் சான்று, இனி கட்டாயமில்லை என்று சட்டமே வந்துவிட்டது. அப்படியானால் உயில், வாரிசுரிமை வழக்குகளை நம்பி ஒரு இளம் வக்கீல் தொழில் தொடங்கலாமா? சட்டக் கல்லூரி மாணவர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்குப் பீஸ் கட்டும் அப்பாக்கள் இன்னும் கவலையோடு கேட்கிறார்கள். தாராளமாகத் தொடங்கலாம். காரணத்தைப் பார்ப்போம்.

முதலில் செய்தி. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்திலிருந்து 213ஆம் பிரிவை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் எடுத்துவிட்டது. புரோபேட் வாங்காமல் சில வகை உயில்களை வைத்துக்கொண்டு கோர்ட்டில் உரிமை கோர முடியாது என்று சொன்ன பிரிவு அது. எந்த உயில்கள்? மதுரையில் இருக்கும் ஒரு இந்து, தன் மதுரை வீட்டைப் பற்றி அங்கேயே உயில் எழுதினால் புரோபேட் தேவைப்படவில்லை. அதே மனிதர் அதே நாற்காலியில் உட்கார்ந்து சென்னை மயிலாப்பூர் வீட்டைப் பற்றி எழுதினால் தேவைப்பட்டது. முஸ்லிம்களுக்கு இந்தக் கட்டாயம் இருந்ததே இல்லை. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002இல் விலக்குக் கிடைத்தது.

மதுரைக்கும் மயிலாப்பூருக்கும் நடுவே இந்தக் கோட்டைப் போட்டது 1870ஆம் ஆண்டின் இந்து உயில்கள் சட்டம். வங்காளத்துக்கும் சென்னை, பம்பாய் நகரங்களுக்கும் மட்டும் ஒரு விதி, மற்ற ஊர்களுக்கு வேறு. பிரிட்டிஷ் நிர்வாகத்தின் அந்தப் பழைய எல்லைதான் 2025 வரை மயிலாப்பூர்க் குடும்பங்களை ஹைகோர்ட் படியேற வைத்தது. போக வேண்டிய பிரிவுதான், தாமதமாகப் போயிருக்கிறது.

ஆனால் போனது கட்டாயம் மட்டும். புரோபேட் இன்னும் இருக்கிறது, வேண்டியவர் கேட்டு வாங்கலாம். உயிலை நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் அப்படியே இருக்கிறது. 63ஆம் பிரிவின்படி எழுதியவர் கையெழுத்துப் போட வேண்டும், குறைந்தது இரண்டு சாட்சிகள் அவர் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். தகராறு வந்தால் அந்தச் சாட்சிகளில் ஒருவராவது கோர்ட்டுக்கு வந்து சொல்ல வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 68ஆம் பிரிவாக இருந்த இந்த விதி, இப்போதைய பாரதிய சாட்சிய அதிநியமத்தில் 67ஆம் பிரிவு. எண் மாறியது, விதி மாறவில்லை.

அதனால்தான் நல்ல உயில் வக்கீல் சொத்துப் பட்டியலைக் கேட்பதற்கு முன்பே கேட்டுவிடுகிறார்: சாட்சி யார்?

82 வயதுக்காரர் தன் 80 வயது நண்பரைச் சாட்சியாகக் கூட்டி வருவார். பாசமான ஏற்பாடு. ஆனால் உயில் பேச வேண்டிய நாளில் அந்த நண்பரும் இருக்க மாட்டார். இரண்டு சாட்சிகளும் இல்லையென்றால் கையெழுத்துகளை அடையாளம் காட்ட ஆள் தேட வேண்டும். அது மிகவும் கடினமான பாதை. வயதில் இளையவர், உயிலில் பங்கில்லாதவர், வெளிநாடு போய்விடாதவர், விலாசம் தெரிந்தவர்: சாட்சி என்றால் இப்படி ஒருவர். உயில் வாசகத்தில் ஒரு வரி குறைந்தால்கூட சமாளிக்கலாம். சாட்சி குறைந்தால் சமாளிப்பது பெரும்பாடு.

“நாங்கள்தான் ரிஜிஸ்டர் பண்ணிவிட்டோமே” என்பார்கள். உயிலைப் பதிவு செய்வது விருப்பம், கட்டாயம் இல்லை. பதிவு செய்தால் பலம் கூடும். ஆனால் சப்-ரிஜிஸ்ட்ரார் முத்திரை சாட்சிக்கு ஈடாகாது.

இந்தத் துறைக்கு வரும் ஒவ்வொரு ஜூனியரும் படிக்க வேண்டிய தீர்ப்பு, எச். வெங்கடாசல ஐயங்கார் எதிர் பி.என். திம்மஜம்மா. உச்ச நீதிமன்றம், 1958. உயிலால் பெரிய பலன் அடைகிறவரே அதைத் தயாரிப்பதிலும் முன்நின்றால் அது சந்தேகத்துக்குரிய சூழ்நிலை. உயிலை முன்வைப்பவர்தான் அந்தச் சந்தேகத்தைப் போக்க வேண்டும். நடுங்கும் கையெழுத்து, காரணமில்லாமல் விலக்கப்பட்ட பிள்ளை எல்லாம் இதே கணக்கில் வரும். குறுக்கு விசாரணையில் கேட்கப்போவது இவற்றைத்தான்: அன்று அவர் நினைவோடு இருந்தாரா, உயிலைப் படித்துக் காட்டினார்களா, மூத்த மகன் எங்கே நின்றார்? பதில் சொல்லப்போவது யார்? மறுபடியும் அந்தச் சாட்சிதான்.

சென்னை ஹைகோர்ட்டில் இந்த வேலை எப்படி நடக்கிறது? உயிலில் நிறைவேற்றுநர் பெயர் இருந்தால் அவர் புரோபேட் கேட்டு ஓ.பி. என்ற மனுவைப் போடுவார். பெயர் இல்லையென்றால் நிர்வாகப் பத்திரம் கேட்க வேண்டும். சாட்சியின் உறுதிமொழியையும் சேர்த்தே தாக்கல் செய்கிறார்கள். உறவினர்களுக்கு நோட்டீஸ் போகும். யாரும் எதிர்க்காவிட்டால் காகிதத்திலேயே முடியும். யாராவது கேவியட் போட்டு எதிர்த்தால் ஓ.பி. அப்படியே டி.ஓ.எஸ். என்ற வழக்காக மாறி, மாஸ்டர் கோர்ட்டில் சாட்சி விசாரணைக்குப் போகும். அங்கே பார்ப்பது உயில் உண்மையா என்பதை மட்டும். வீடு உண்மையில் யாருடையது என்பது தனிச் சண்டை. கட்சிக்காரருக்கு இதைப் புரியவைப்பதிலேயே வக்கீலின் பாதி நேரம் போகும்.

உயிலே இல்லாவிட்டால்? முதல்வராக இருந்த ஜெயலலிதா 2016 டிசம்பர் 5 அன்று இறந்தபோது உயில் எதுவும் வெளிவரவில்லை. அண்ணன் பிள்ளைகள் தீபாவையும் தீபக்கையும் சட்டபூர்வ வாரிசுகள் என்று சென்னை ஹைகோர்ட் அறிவித்தது 2020 மே மாதம். இடையில் போயஸ் கார்டன் வீட்டை நினைவில்லமாக்க அரசு கையகப்படுத்தியது. 2021 நவம்பரில் அதையும் கோர்ட் ரத்து செய்த பிறகே வீட்டுச் சாவி வாரிசுகள் கைக்கு வந்தது. ஒரு வீட்டுக்கு ஐந்து வருடம்.

உயில் இருந்தும் தீராத கதை கல்கத்தாவில். பிரியம்வதா பிர்லா 2004 ஜூலையில் இறந்தார். தன் சொத்தைக் கணக்குத் தணிக்கையாளர் ஆர்.எஸ். லோதாவுக்கு எழுதி வைத்த 1999ஆம் ஆண்டு உயில் வெளியே வந்தது. பத்திரிகைகள் அதன் மதிப்பை 5,000 கோடி ரூபாய் என்றன. பிர்லா குடும்பம் எதிர்த்தது. உயிலை நிறைவேற்ற வேண்டிய லோதா 2008இல் இறந்துபோக, அவர் பிள்ளைகள் வழக்கைத் தொடர்ந்தார்கள். இருபது ஆண்டுகளைத் தாண்டிய வழக்கு அது. நிறைவேற்றுநர் இறந்தால் அடுத்தவர் யார் என்று உயிலிலேயே எழுத வக்கீல்கள் வற்புறுத்துவது இதனால்தான். ரத்தன் டாடாவின் உயிலில் நிறைவேற்றுநர்கள் பலர், மூத்த வழக்கறிஞர் டேரியஸ் கம்பாட்டாவும் அவர்களில் ஒருவர். வக்கீலே நிறைவேற்றுநராக இருப்பதும் இந்தத் தொழிலின் ஒரு பகுதி.

எஸ்டேட் பிளானிங் என்றதும் அமெரிக்க சீரியல் ஞாபகத்தில் வரியைத் தவிர்க்கும் வித்தை என்று பலர் நினைக்கிறார்கள். இந்தியாவில் எஸ்டேட் டியூட்டி 1985இலேயே ஒழிந்துவிட்டது. இங்கே வக்கீல் எதிர்கொள்வது குடும்பத்தை. உயிலா, செட்டில்மென்ட் பத்திரமா என்பதுதான் தமிழ்நாட்டு வீடுகளின் பெரிய கேள்வி. செட்டில்மென்ட் எழுதினால் சொத்து இன்றே கைமாறிவிடும். உயிலை உயிரோடு இருக்கும்வரை மாற்றலாம். தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்த பிறகு பிள்ளை கைவிட்டால், 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம் 23ஆம் பிரிவின்கீழ் அதை ரத்து செய்யக் கேட்கலாம். ஆகவே நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதாத வக்கீல் பெற்றோருக்குத் துரோகம் செய்கிறார். இதில் சமாதானமே கிடையாது.

நாமினி குழப்பமும் உண்டு. காலநிர்ணய் காலண்டரை உருவாக்கிய ஜயந்த் சால்காவ்கரின் குடும்ப வழக்கில், 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பங்குகளுக்கு நாமினியாக இருப்பதாலேயே ஒருவர் சொந்தக்காரராகிவிட மாட்டார்.

நேரம் ஓடிவிட்டது, மாணவர்கள் கேட்ட விஷயத்தை வேகமாகச் சொல்லிவிடலாம். இந்தத் துறைக்கென்று தனிப் பட்டமோ லைசென்ஸோ தேவையில்லை. பிளஸ் டூவுக்குப் பின் ஐந்து வருடச் சட்டப் படிப்பு, அல்லது டிகிரிக்குப் பின் மூன்று வருடம். பிறகு தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு. பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேல் பதிவுக் கட்டணம் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். அடுத்து அகில இந்திய பார் தேர்வு. ஜூனியர்களுக்கு நகரங்களில் மாதம் 20,000, கிராமங்களில் 15,000 ரூபாய் என்று 2024இல் பார் கவுன்சில் ஆஃப் இந்தியா பரிந்துரைத்தது. பரிந்துரைதான், சேரும் முன் சீனியரிடம் பேசிக்கொள்ளுங்கள். வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது, அதனால் கட்சிக்காரர் சொல்லித்தான் அடுத்த கட்சிக்காரர் வருவார்.

வில்லங்கச் சான்று, பட்டா, தாய்ப் பத்திரம் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பழைய தமிழ்ப் பத்திர நடை பழகுங்கள். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் வேறு, கோர்ட் தரும் வாரிசுரிமைச் சான்றிதழ் வேறு. முதல் மாதமே இதைப் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். சிவில் வழக்குகள் நடத்தும் சீனியரிடம் சேருங்கள், டி.ஓ.எஸ். கட்டு எது வந்தாலும் கேட்டு வாங்கிப் படியுங்கள். முடிந்தால் சாட்சி கூண்டில் நிற்கும் நாளில் மாஸ்டர் கோர்ட்டில் ஓரமாக உட்காருங்கள். ஒரு உயிலில் கையெழுத்துப் போட்டவர் பத்து வருடம் கழித்து அந்த நாளை ஞாபகப்படுத்திச் சொல்ல எவ்வளவு தடுமாறுகிறார் என்று அங்கே தெரியும். அதைக் கேட்டுவிட்டு வந்து உங்கள் முதல் உயிலை எழுதுங்கள்.