அலகு விலை

அலகு விலை என்பது ஒரு பொருளின் விலையை ஒரு கிலோகிராம், ஒரு லிட்டர், ஓர் எண்ணிக்கை போன்ற ஓர் அலகுக்கு இவ்வளவு எனக் கணக்கிட்டுக் கூறுவதாகும். வெவ்வேறு அளவுகளில் விற்கப்படும் பொட்டலங்களை ஒப்பிட்டு, மளிகைச் செலவைக் குறைக்க இது உதவுகிறது. பொருட்களை நிறுத்து விற்கும் கடைகளில் விலை கிலோவுக்கே கூறப்படுவதால் இக்கணக்கு தேவைப்படுவதில்லை. பொட்டலமிட்ட பொருட்கள் பரவிய பின்னரே இதன் தேவை மிகுந்தது.

கணக்கிடும் முறை

பொட்டலத்தின் விலையை அதன் நிகர அளவால் வகுத்தால் அலகு விலை கிடைக்கும். எடுத்துக்காட்டாக, துவரம் பருப்பு மூன்று அளவுகளில் பின்வருமாறு விற்கப்படுவதாகக் கொள்வோம்.

200 கிராம் - ரூ. 38 (கிலோவுக்கு ரூ. 190)
500 கிராம் - ரூ. 90 (கிலோவுக்கு ரூ. 180)
1 கிலோ - ரூ. 185 (கிலோவுக்கு ரூ. 185)

இங்கு நடுத்தர அளவுப் பொட்டலமே மலிவானது. பெரிய பொட்டலம் எப்போதும் மலிவாக இருக்கும் என்ற பொதுவான நம்பிக்கை சரியன்று.

சமையல் எண்ணெய் சில பொட்டலங்களில் லிட்டரிலும் சிலவற்றில் கிராமிலும் அளக்கப்படுகிறது. ஒரு லிட்டர் எண்ணெயின் நிறை ஏறத்தாழ 910 கிராம் ஆகும். எனவே இரண்டையும் ஒரே அலகுக்கு மாற்றிய பின்னரே ஒப்பிட வேண்டும். சலுகைகளுக்கும் இக்கணக்கு பொருந்தும். அதே விலைக்கு 20% கூடுதல் பொருள் தரப்படும்போது அலகு விலை 20% குறைவதில்லை, ஏறத்தாழ 16.7% மட்டுமே குறைகிறது.

சட்டங்கள்

ஐக்கிய அமெரிக்காவில் சில மாநிலங்கள் 1970களின் தொடக்கத்தில் அலகு விலைச் சட்டங்களை இயற்றின. ஐரோப்பிய ஒன்றியம் 1998 இல் இதற்கான நெறியாணையை வெளியிட்டது. ஆத்திரேலியாவில் பெரிய மளிகை அங்காடிகளுக்கு 2009 இல் இது கட்டாயமாக்கப்பட்டது.

இந்தியாவில் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011 நடைமுறையில் உள்ளன. தேயிலை, பிஸ்கட், சமையல் எண்ணெய் முதலிய பொருட்களைக் குறிப்பிட்ட அளவுகளில் மட்டுமே பொட்டலமிட வேண்டும் என இவ்விதிகள் முன்னர் வரையறுத்திருந்தன. 2021 இல் வெளியான திருத்தம் அக்கட்டுப்பாட்டை நீக்கி, அதற்கு மாற்றாக அலகு விலையை அச்சிடுவதைக் கட்டாயமாக்கியது. இதன்படி ஒரு கிலோவுக்கு மேற்பட்ட பொட்டலங்களில் கிலோவுக்கும், அதற்குக் குறைந்தவற்றில் கிராமுக்கும் விலை குறிக்கப்படுகிறது.

கிராமுக்கான விலை இரண்டு தசம இடங்களுக்கு முழுமையாக்கப்படுவதால் சிறு வேறுபாடுகள் மறைந்துவிடலாம். கிலோ ரூ. 176 ஆக இருந்தாலும் ரூ. 184 ஆக இருந்தாலும், பொட்டலத்தில் கிராமுக்கு ரூ. 0.18 என்றே காணப்படும். எனவே நுகர்வோர் தாமே கணக்கிட்டுப் பார்ப்பது துல்லியமானது.

சிறு பொட்டலங்களும் ஏழைக் குடும்பங்களும்

நாட்கூலி பெறும் குடும்பங்கள் பெரும்பாலும் அன்றன்றைய தேவைக்கு மட்டுமே பொருள் வாங்குகின்றன. மொத்தமாக வாங்கப் பணம் இல்லாததால், பல பொருட்களுக்கு இவர்கள் வசதி படைத்தவர்களை விட அதிக அலகு விலை கொடுக்க நேரிடுகிறது. ஷாம்பூ இதற்கு ஒரு விதிவிலக்காகும். இதனைச் சிறு உறைகளில் விற்கும் முறையைப் பரப்பியவர்களுள் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் குறிப்பிடத்தக்கவர். சில வகை ஷாம்பூக்களில் சிறு உறையின் அலகு விலை பெரிய புட்டியினதை விடக் குறைவாக உள்ளது.

10 கிராம் அல்லது 10 மில்லிலிட்டர் வரையான சிறு பொட்டலங்களுள் பெரும்பாலானவை மேற்கூறிய விதிகளிலிருந்து விலக்குப் பெற்றுள்ளன. ஆகவே ஏழைகள் மிகுதியாக வாங்கும் அளவுகளிலேயே அலகு விலை அச்சிடப்படாதிருக்கலாம்.

மறைமுக விலையேற்றம்

விலையை மாற்றாமல் பொருளின் அளவை மட்டும் குறைப்பது மறைமுக விலையேற்றமாகும். ரூ. 10 விலையுள்ள பிஸ்கட் பொட்டலம் 100 கிராமிலிருந்து 80 கிராமாகக் குறைந்தால், அதன் அலகு விலை 25% உயர்கிறது. இவ்வாறு அளவு குறைக்கப்பட்ட பொருட்களுக்கு அருகில் அதனைத் தெரிவிக்கும் அறிவிப்பை வைக்க வேண்டும் என்ற விதி, பிரான்சின் பெரிய கடைகளில் 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்தது.

வரையறைகள்

அலகு விலை பொருளின் தரத்தைக் காட்டுவதில்லை. வீணாகும் அளவும் இதில் சேர்வதில்லை. ரூ. 185 கொடுத்து வாங்கிய ஒரு கிலோ பருப்பில் கால் பங்கு வண்டு பிடித்து வீணானால், பயன்பட்ட பருப்பின் விலை கிலோவுக்கு ஏறத்தாழ ரூ. 247 ஆகிவிடும். எனவே கெட்டுப்போவதற்குள் பயன்படுத்தக்கூடிய அளவுகளுக்கு இடையே ஒப்பிடுவதே சிக்கனத்திற்கு உதவும்.