உங்களுக்குத் தெரியுமா? கடைக்குத் திரும்பும் துப்பாக்கி

● ஹுன்சூர் பக்கத்துத் தோட்ட வீட்டில் ஒரு டபுள் பேரல் துப்பாக்கி. சுத்தியல் சிக்கிக்கொண்டது. மைசூருவில் வாங்கிய கடைக்கே பழுதுபார்க்க அனுப்ப வேண்டும். பெட்டியில் வைத்துக் கூரியரில் போட்டுவிடலாமா? முடியாது. கூரியர்காரர்களின் தடைப் பட்டியலில் துப்பாக்கி இருக்கிறது. உரிமதாரருக்கோ மூட்டு வலி, பஸ் ஏற முடியாது. இந்த இடத்தில்தான் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3ஆவது பிரிவு கைகொடுக்கிறது. உரிமதாரர் கூட வந்தாலோ, அவர் எழுதிக் கொடுத்த அனுமதி கையில் இருந்தாலோ, உரிமமே இல்லாத ஒருவர்கூடப் பழுதுபார்க்கவும் உரிமம் புதுப்பிக்கவும் துப்பாக்கியை எடுத்துப் போகலாம். ‘மாமா சொல்லித்தான் கொண்டுபோறேன்’ என்ற வாய்ச்சொல் செல்லாது. கடிதத்தில் துப்பாக்கியின் வரிசை எண், குழலின் துளை அளவு (bore), கடையின் பெயர், தேதி நான்கையும் எழுதிவிடுங்கள். வழியில் போலீஸ் நிறுத்தினால் பேச்சு சுருக்கமாக முடியும். கடையில் விட்டதும் ரசீதில் அதே எண் இருக்கிறதா என்று அங்கேயே நின்று சரிபாருங்கள். தோட்டாக்களைக் கொடுத்தால் அவற்றின் எண்ணிக்கையும் தனியாக ரசீதில் ஏற வேண்டும்.

● இத்தனை அலைச்சல் எதற்கு, தெரிந்த லேத் பட்டறையில் காட்டினால் அரை மணி நேரத்தில் சரியாகிவிடுமே? கை வைக்கக் கூடாது. துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் 5ஆவது பிரிவின்படி தனி உரிமம் வேண்டும்.

● அமெரிக்காவில் கதை வேறு. உரிமம் பெற்ற டீலருக்கு ரைஃபிளைத் தபாலிலேயே திருப்பி அனுப்பத் தனிநபருக்கு அங்கே வழி உண்டு. கைத்துப்பாக்கிக்கு மட்டும் 1927லேயே தபாலில் தடைச் சட்டம் வந்தது. கோட்டுக்குள் ஒளித்து வைக்கக்கூடியது என்பதுதான் காரணம்.

● உரிமம் காலாவதியாகிவிட்டதா? ‘அடுத்த மாதம் புதுப்பித்துக்கொள்ளலாம்’ என்று பீரோவில் வைத்துப் பூட்டினால் அதுவே குற்றம். அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற டீலரிடமோ தாமதமின்றி ஒப்படைக்க வேண்டும் என்கிறது 21ஆவது பிரிவு. குறித்த காலத்துக்குள் திரும்பப் பெறாமலும் விற்காமலும் விட்டால், மாவட்ட மாஜிஸ்ட்ரேட் உத்தரவுடன் அது அரசாங்கச் சொத்து. தாத்தா காலத்துத் துப்பாக்கி, மனசு கேட்கவில்லை என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

● ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்ற வரம்பை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டாகக் குறைத்தது. மூன்று வைத்திருந்தவர்களுக்கு ஓராண்டு அவகாசம்: பிடித்த இரண்டை வைத்துக்கொண்டு, மூன்றாவதைக் காவல் நிலையத்திலோ டீலரிடமோ கொடுத்துவிட வேண்டும். விளையாட்டு வீரர்களுக்குத் தனிச் சலுகைகள் உண்டு. அதே திருத்தம்தான் உரிமத்தின் ஆயுளை 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக நீட்டியது. கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டு அடுத்தவருக்கு ஆபத்து விளைவித்தால் 2 ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்றது.

● தேர்தல் வந்தால் துப்பாக்கிகள் காவல் நிலையத்துக்கு ஊர்வலமாகக் கிளம்பும். யார் யார் ஒப்படைக்க வேண்டும் என்பதை மாவட்டத்தில் ஓர் ஆய்வுக் குழு பார்க்கும். வங்கிக் காவலர்கள் போன்றோருக்கு விலக்கு உண்டு. 2024 மக்களவைத் தேர்தல் மார்ச் 16 அன்று அறிவிக்கப்பட்டது. மைசூரு-குடகு தொகுதி ஏப்ரல் 26 அன்றே வாக்களித்து முடித்துவிட்டது. ஆனால் முடிவு வந்தது ஜூன் 4. அதற்குப் பிறகும் ஒரு வாரம் கட்டுப்பாடு. மை காய்ந்து ஒரு மாதத்துக்கு மேலாகியும் துப்பாக்கி வீடு திரும்பவில்லை. இந்த இடைவெளியில் காட்டுப்பன்றியும் யானையும் தேர்தல் நன்னடத்தை விதியைப் பின்பற்றுவதில்லை என்பது காட்டோர விவசாயிகளின் பழைய புலம்பல். அதில் நியாயம் இருக்கிறது.

● துப்பாக்கியை வாரிசுக்கு மாற்ற உரிமதாரர் இறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி அவருக்கு 70 வயதானாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, வாரிசு தன் பெயருக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

● மைசூருவிலிருந்து மேற்கே போனால் சட்டம் நிறம் மாறும். குடகில் கொடவர்களுக்கும் ஜம்மா எனும் பரம்பரை உரிமை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் ஆயுத உரிமத்திலிருந்து விலக்கு. வெள்ளையர் காலத்தில் 1861இல் தொடங்கிய சலுகை. இப்போது 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். கைல்போது பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூச்சூட்டிப் பூசை, பிறகு தேங்காயைக் குறிபார்த்துச் சுடும் போட்டி. ஆனால் குடகை விட்டு வெளியே வரும்போது கணக்கு உண்டு: ஒரு ரைஃபிளும் 100 தோட்டாவும், ஒரு வழுவழுப்பான உட்குழல் துப்பாக்கியும் அதற்கு 500 தோட்டாவும்தான் உச்சவரம்பு.

● ஸ்ரீரங்கப்பட்டணத்துத் துப்பாக்கி ஒன்றுக்கும் பயணத் தடை. திப்பு சுல்தானுக்காக அசத் கான் முகமது 1793-94இல் செய்த வேட்டைத் துப்பாக்கி, சக்கிமுக்கிப் பொறியில் வெடிப்பது. மதிப்பு 20 லட்சம் பவுண்டு. அது பிரிட்டனை விட்டுப் போய்விடக் கூடாதென்று 2023 மே மாதம் தற்காலிக ஏற்றுமதித் தடை போட்டது பிரிட்டிஷ் அரசு!

● நாகரஹொளே, பந்திப்பூர் காடுகளிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் வீடா? வனவிலங்குச் சட்டத்தின் 34ஆவது பிரிவின்படி, துப்பாக்கி உரிமம் வைத்திருக்கும் உங்கள் பெயர் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் பதிவிலும் இருக்க வேண்டும். அந்த எல்லைக்குள் புதிய உரிமம் கொடுப்பதென்றால் அவருடைய ஒப்புதலை முன்கூட்டியே வாங்க வேண்டும்.