கொல்லிமலைக்கு நடந்தே போகலாமா?

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஆகாய கங்கையில் குளிப்பதுதான் பலருக்கும் தெரிந்த கொல்லிமலை. நடந்தே ஏற ஆசைப்படுபவர்கள் திருச்சி மாவட்டப் பக்கம், அடிவாரத்தில் இருக்கும் புளியஞ்சோலைக்குப் போகிறார்கள். அங்கிருந்து காட்டுக்குள், பாறை பாறையாகத் தொற்றி ஏற வேண்டும்.

வனத்துறை அனுமதியும் வழி தெரிந்த உள்ளூர்க்காரரும் இல்லாமல் கிளம்பாதீர்கள். கீழே வெயில் கொளுத்தினாலும், மலையில் மழை பெய்தால் அய்யாறு சட்டென்று பெருகிவிடும். தண்ணீர் கலங்கி, சருகு மிதந்து வந்தால் செல்ஃபியெல்லாம் அப்புறம், முதலில் கரையேறுங்கள்!

ஏறுவதுகூடப் பரவாயில்லை. களைத்த காலோடு பாசிப் பாறையில் இறங்குவதுதான் முழங்காலுக்குச் சோதனை. மதியத்துக்குள் பாதி தூரம் தாண்டவில்லையா? வெட்கப்படாமல் திரும்பிவிடுங்கள். காட்டில் சீக்கிரமே இருட்டிவிடும்.