வன்முறை ஆபாசமும் சமுதாய மனப்பான்மையும்

ஆபாசம் என்பது வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல். அம்மொழியில் அதன் முதற்பொருள் போலித் தோற்றம் என்பதாகும். உண்மைபோலத் தோன்றி உண்மையாகாத காரணத்தைத் தருக்க நூலார் ஏத்துவாபாசம் என்றனர். பொருந்தாவிடத்துக் காட்டப்படுஞ் சுவையை அணிநூலார் ரசாபாசம் என்றனர். ஒருவர்பால் மட்டுமே நிகழுங் காதலை இருவர் காதல்போலப் பாடுவதும் அவர் கருத்தில் ரசாபாசமே. காலப்போக்கில் இச்சொல் நம்மிடையே அருவருப்பு, வெட்கக்கேடு என்னும் பொருள்களைப் பெற்றுவிட்டது. எனினும் இன்று நாம் ஆராயப் புகும் பொருளுக்கு அப்பழைய பொருளே மிகப் பொருந்துகின்றது. துன்பத்தை இன்பமாகவும் மறுப்பை இசைவாகவும் தோற்றுவிக்கும் படங்களைப் பற்றியதே இவ்வுரை.

பாலுணர்ச்சியைப் பேசுவன யாவும் ஒரு தன்மையன அல்ல. நமது கிழக்குக் கரையோரத்து வயல்வெளிகளிலும் வாடிகளிலும் வழங்கிவந்த நாட்டார் கவிகளைக் கேட்டோர் இதனை அறிவர். அவற்றிலே ஆடவன் ஆசையைச் சொல்வான். பெண் அதற்கு மறுமொழி கூறுவாள். சில வேளை இணங்குவாள், சில வேளை எள்ளி நகையாடுவாள், சில வேளை ஒரே அடியில் அவனைத் துரத்திவிடுவாள். கேட்போர் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். ஆனால் அப்பெண்ணுக்கு நாவிருக்கின்றது என்பதை எவரும் மறுக்கவியலாது. அன்பு ஒத்த ஐந்திணையை நடுவில் வைத்து, ஒருதலைக் காமத்தைக் கைக்கிளையென்றும் பொருந்தாக் காமத்தைப் பெருந்திணையென்றும் இருபுறமும் ஒதுக்கிய தொல்காப்பியமும் இவ்வேறுபாட்டை உணர்ந்தே செய்தது. வன்முறை ஆபாசத்திலே பெண்ணுக்கு நாவில்லை. அவள் வேண்டாம் என்று சொன்னாலும் அச்சொல்லைச் சற்று நேரத்திற் பொய்யாக்கிக் காட்டுவதே அப்படத்தின் கதையாகும்.

இது மிகைபடக் கூறுவதன்று. அமெரிக்க ஆய்வாளர் சிலர், மிகுதியாக விற்பனையான பாலியற் படங்களிலிருந்து 304 காட்சிகளை எடுத்து ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு 2010 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். நூற்றுக்கு 88 அளவான காட்சிகளில் அடித்தல், மூச்சடைத்தல், மயிர்பற்றி இழுத்தல் போன்ற உடல் வன்முறை காணப்பட்டது. அதற்கு இலக்கானோர் மிகப் பெரும்பாலும் பெண்கள். வியப்புக்குரியது இதற்கு மேல் வருவதே. வன்முறைக்கு ஆளானவர்கள் ஏறத்தாழ எல்லாக் காட்சிகளிலும் இன்பமுற்றவராகவோ ஒன்றும் நிகழாதவராகவோ காட்டப்பட்டனர். அடிபட்டவர் சிரிக்கும் உலகம் எங்குண்டு? போலித் தோற்றம் என்று மேலே கூறியது இதனையே.

இனி, சட்டம் இவற்றை எவ்வாறு நோக்கியது என்பதைக் காண்போம். 1868 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஹிக்ளின் வழக்கிலே ஓர் அளவுகோல் வகுக்கப்பட்டது. தீய எண்ணங்களுக்கு எளிதில் ஆட்படக்கூடிய உள்ளங்களை ஒரு நூல் கெடுக்குமா என்பதே அவ்வளவுகோல். அது பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட நாடுகள் பலவற்றிற் பரவிற்று. 1964 ஆம் ஆண்டில் இந்திய உயர் நீதிமன்றம், ஓர் ஆங்கில நாவலை விற்ற பம்பாய்ப் புத்தக வணிகர் ஒருவரின் தண்டனையை உறுதிசெய்தபோது அவ்வளவுகோலையே பெரும்பாலும் தழுவியது. ஐம்பது ஆண்டுகள் கழிந்து 2014 இலேதான் அதனைக் கைவிட்டது. இலங்கையிலோ 1927 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்க ஆபாசப் பிரசுரக் கட்டளைச் சட்டம் உண்டு. ஆபாசம் என்பது யாது என்று அச்சட்டம் வரையறுக்கவில்லை.

இவ்வளவுகோலின் குறைபாடு ஒன்றே ஒன்று, ஆனால் பெரிது. பார்ப்பவன் உள்ளம் கெடுமா என்று அது கேட்கின்றது. படத்திலிருப்பவள் யார், அவள் உடன்பட்டாளா, அவளைப் போன்ற பெண்களைப் பற்றி இப்படம் என்ன கற்பிக்கின்றது என்று அது கேட்பதில்லை. ஆடை குறைந்ததா என்று பார்த்த கண், கை ஓங்கியதா என்று பார்க்கவில்லை. கனடாவின் உயர் நீதிமன்றம் 1992 ஆம் ஆண்டிலே இதனைத் திருத்த முயன்றது. பாலுறவோடு வன்முறை கலந்த படம், வன்முறையின்றியும் மனிதரை இழிவுபடுத்தும் படம், இவ்விரண்டுமில்லாத படம் என மூன்றாகப் பிரித்து, நாணத்துக்கு ஊறு என்பதைவிடச் சமுதாயத்துக்குத் தீங்கு என்பதே அடிப்படையாதல் வேண்டுமென அது கூறியது. என் எண்ணத்தில் இது நேரான வழி.

தீங்கு உண்டென்று எவ்வாறு அறிவது? இங்கே அவசரப்படலாகாது. டென்மார்க்கு நாடு 1967 இல் ஆபாச எழுத்துக்களுக்கும் 1969 இற் படங்களுக்கும் இருந்த தடையை நீக்கியது. பெருங்கேடு சூழுமென்று அஞ்சியோர் பலர். அந்நாட்டுக் குற்றவியலறிஞர் பேர்ல் குச்சின்ஸ்கி ஆராய்ந்தபோது ஒளிந்திருந்து பார்த்தல் முதலிய சில குற்றங்கள் பற்றிய முறைப்பாடுகள் குறைந்திருக்கக் கண்டார். வல்லுறவுக் குற்றத்தில் அத்தகைய குறைவு காணப்படவில்லை. ஆகவே, படம் பார்த்தவன் மறுநாட் குற்றவாளியாவான் என்று நேர்க்கோடு இழுப்பவர் உண்மையை விட்டு விலகுகின்றார்.

ஆனால் மனப்பான்மை என்பது வேறு. 1981 இல் மலமுத், செக் என்னும் உளவியலறிஞர் இருவர் கனடாவில் நடத்திய சோதனை இங்கே கருதத்தக்கது. அவர்கள் பல்கலைக்கழக மாணவரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினரைப் பெண்ணை வலிந்து அடைந்தபின் அவள் மனமிசைவதாகக் காட்டும் திரைப்படங்களுக்கும், மறுபகுதியினரை வேறு திரைப்படங்களுக்கும் அனுப்பினர். இவை ஒளித்துப் பார்க்கும் படங்களல்ல. திரையரங்குகளில் யாவரும் பார்த்த படங்கள். சில நாட்களின்பின், படத்தோடு தொடர்பில்லாதது போன்ற ஒரு வினாக்கொத்தை வகுப்பிலே கொடுத்தனர். முதற் பகுதியைச் சேர்ந்த ஆடவரிடத்துப் பெண்கள்மீதான வன்முறையை ஏற்கும் மனப்பான்மை மிகுந்திருந்தது. மகளிரிடத்து அவ்வாறு மிகவில்லை. ஒரே காட்சி ஒரு சாராருக்கு உரிமையாகவும் மற்றொரு சாராருக்கு எச்சரிக்கையாகவும் பதிந்தது போலும்!

இம்முடிவு நமக்குப் புதிதன்று. விரட்டிப் பின்தொடரும் நாயகனை முதலில் வெறுத்து இறுதியிற் காதலிக்கும் நாயகியைத் தமிழ்த் திரைப்படங்கள் எத்தனை முறை காட்டியிருக்கின்றன! வில்லன் வந்து பெண்ணைக் கெடுக்கும் காட்சியை ஒரு கட்டாய அங்கமாகக் கொண்ட படங்கள் 1970 களிலும் 1980 களிலும் மலிந்திருந்தன; தங்கைக்கு நேர்ந்ததற்காக அண்ணன் பழிவாங்குவான், அவளோ பெரும்பாலும் இறந்துபோவாள். மொழியும் இதற்கு உடந்தையாயிருந்தது. நெடுங்காலம் நம் நாளேடுகள் வழங்கிய கற்பழிப்பு என்னுஞ் சொல்லை நோக்குக. அழிந்தது யாது? அவள் கற்பு. குற்றஞ் செய்தவன் வேறொருவன்; இழந்தவளோ இவள்; களங்கமும் இவளுக்கே. இப்பொழுது இலங்கைத் தமிழ் ஏடுகள் பாலியல் வல்லுறவு என்று எழுதுகின்றன. அச்சொல் செயலைச் செய்தவன்பால் நம் கண்ணைத் திருப்புகின்றது. சொல் மாறினால் உலகம் மாறிவிடாதெனினும், பள்ளிக்கூடத்தில் இச்சொன்மாற்றத்தை நான் வற்புறுத்துவதுண்டு.

படமே ஆயுதமான நிகழ்ச்சிகளும் நம்மவரிடையே நிகழ்ந்துள்ளன. 2015 ஆம் ஆண்டு மே மாதம் யாழ்ப்பாணத்துப் புங்குடுதீவிலே பாடசாலைக்குச் சென்ற மாணவி ஒருத்தி கூட்டு வல்லுறவுக்குள்ளாகிக் கொல்லப்பட்டாள். அக்கொடுமையைப் படமாக்கி வெளிநாட்டில் விற்கும் நோக்கம் இருந்ததென்பது வழக்குத் தொடுநர் தரப்பின் வாதம். மேல் நீதிமன்ற நீதிபதிகள் மூவர் விசாரித்து 2017 செப்டெம்பரில் எழுவருக்கு மரண தண்டனை விதித்தனர். அதே 2015 இல் ஐதராபாத்திலுள்ள பிரஜ்வலா என்னும் அமைப்பு, வல்லுறவுக் காணொளிகள் தொலைபேசிகளிற் கைமாறி உலவுவதைச் சுட்டி இந்தியத் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதிற்று. நீதிமன்றம் அதனையே வழக்காக ஏற்றது. நடிப்பென்றும் மெய்யென்றும் பிரித்தறியாது, எல்லாவற்றையும் ஒரே விரலசைவால் தள்ளிப் பார்க்கும் ஒரு கூட்டம் உருவாகிவிட்டது என்பதை அக்கடிதம் உணர்த்தியது.

பொள்ளாச்சி வழக்கோ இன்னும் ஆழமான வினாவை எழுப்புகின்றது. பெண்களை நம்பவைத்து அழைத்துச் சென்று, வன்கொடுமை செய்து, அதனைப் படம்பிடித்து, அப்படத்தைக் காட்டியே அவர்களை அச்சுறுத்திய கும்பலைப் பற்றி 2019 பெப்ரவரியில் முறைப்பாடு எழுந்தது. கோயம்புத்தூர் மகளிர் நீதிமன்றம் 2025 மே 13 ஆம் நாள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை விதித்தது. குற்றவாளிகள் தண்டனை பெற்றனர், நன்று. ஆயின் 2019 இல் அப்பெண்ணொருத்தி கதறும் ஒலியோடு கூடிய காட்சித்துண்டு தமிழ் வழங்கும் நாடெங்கும் தொலைபேசிக்குத் தொலைபேசி பரவியதே, அதனை அனுப்பியவர் எத்தனை பேர்! இரக்கத்தால் அனுப்பினோம் என்பர். இரக்கமுள்ளவன் ஒருத்தியின் கதறலைப் பத்துப் பேருக்குக் கேட்கக் கொடுப்பானா? அதனினுங் கொடிது, முறையிட்ட பெண்ணின் பெயரைக் காவல்துறை உயரதிகாரி ஒருவரே செய்தியாளரிடம் வெளியிட்டமை.

நமது நாட்டிலும் இத்தகைய பிழை நேர்ந்ததுண்டு. இணையத்து ஆபாசப் படங்களிற் காணப்பட்டோர் பலரின் முகப்படங்களை 2010 ஆம் ஆண்டிலே பொலிசார் நாளேடுகளில் அச்சிட்டு, இவர்களை அடையாளங் காட்டுக என்று பொதுமக்களைக் கேட்டனர். அவர்களில் எவர் விரும்பி நடித்தவர், எவர் ஏமாற்றப்பட்டவர், எவர் அறியாமலே படமாக்கப்பட்டவர் என்று அச்சிட்ட பக்கத்தைப் பார்த்து யார் கூறமுடியும்? படம் எடுத்தவனுக்கு முகமில்லை. எடுக்கப்பட்டவளுக்கு மட்டும் முகமிருந்தது.

இவையெல்லாம் தூரத்துச் செய்திகள் என்று மருதமுனையிலோ சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ இருப்போர் அமைதிகொள்ள இயலாது. பெண்பிள்ளைக்கு வீடுகட்டிக் கொடுத்து, மருமகன் அவ்வீட்டுக்கு வந்து வாழும் வழக்கமுடையது நம் கரையோரம். வீடு பெண்ணுடையதாக இருக்குமிடத்தில் அவள் நிலை உறுதியென்று நாம் பெருமை பேசுவோம். ஆனால் அவளுடைய ஒரு படம், சில வேளை முகத்தை வெட்டி ஒட்டிய பொய்ப்படம், ஊரிற் சுற்றினால் வாப்பாவும் மாமாமாரும் முதலிற் செய்வது யாது? பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்துவார்கள், கலியாணத்தை முடுக்குவார்கள். அனுப்பியவன் மறுவாரம் கடற்கரையிற் பந்தடிப்பான். அச்சுறுத்துவோன் கையிலுள்ள படம் வெறும் ஒளியும் நிழலுமே. அதற்குக் கூர்மை கொடுப்பது நம் வெட்கம். வெட்கம் இடம்மாறி அனுப்பியவன் வாசலில் அமருமாயின் அப்படத்தால் எவரையும் மிரட்டவியலாது.

2020 இற் பெருந்தொற்றின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடத்துக்கென்று கைத்தொலைபேசி பிள்ளைகள் கைக்கு வந்தது. தந்தை மத்திய கிழக்கிலிருந்து வாங்கி அனுப்பிய தொலைபேசியை உம்மாவால் மேற்பார்வை செய்ய இயலாத வீடுகள் பல. தடுத்துவிடலாம் என்போரை நான் குறைகூறவில்லை. ஆனால் தடுப்பது மட்டும் போதாது. நம் சுகாதாரப் பாடநூலிலே இனப்பெருக்கம் பற்றிய அத்தியாயம் வரும்போது ஆசிரியர் சிலர், வீட்டிலே வாசித்துக்கொள்ளுங்கள் என்று பக்கத்தைப் புரட்டிவிடுவதைப் பல்லாண்டுகளாகக் கண்டுவருகின்றேன். நாம் புரட்டிய பக்கத்தை வேறொருவன் எழுதி நிரப்புகின்றான். ஆண் பெண் உறவென்பதை முதன்முதல் ஒரு வன்முறைப் படத்தினின்றும் கற்ற பதினான்கு வயதுச் சிறுவன், பத்தாண்டின்பின் ஒருத்திக்குக் கணவனாவான். அவள் வேண்டாம் என்றால் அவன் காதில் அது எவ்வாறு விழும்?

இவ்விடத்து உரிமைவாதியொருவர் எழுந்து வினவக்கூடும். அரசுக்குத் தணிக்கைக் கோலைக் கொடுத்தால் அது நாளை கவிஞனையும் அடிக்குமன்றோ? இக்கேள்வி புறக்கணிக்கத்தக்கதன்று. அமெரிக்காவின் இந்தியானாபோலிசு நகரம் 1984 இல் இத்தகைய படங்களைப் பெண்ணுரிமை மீறலெனச் சட்டமியற்றிற்று. அடுத்த ஆண்டு மேன்முறையீட்டு நீதிமன்றம், இப்படங்கள் பெண்ணைத் தாழ்த்தும் மனப்பான்மையை நிலைநிறுத்துகின்றன என்ற அடிப்படையை ஏற்றுக்கொண்டும், பேச்சுரிமைக்கு முரணென்று அச்சட்டத்தை நீக்கியது. இங்கிலாந்தோ 2008 ஆம் ஆண்டின் சட்டத்தால், உயிருக்கு ஆபத்தான வன்முறை கலந்த பாலியற் படங்களை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. நம் நாட்டில் 1995 இன் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம் சிறுவரைப் பயன்படுத்தும் ஆபாசப் படங்களைத் தனிக்குற்றமாக்கியது. 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க இணையவழிப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் அந்தரங்கத் தகவலைத் துன்புறுத்தும் நோக்குடன் பரப்புவதைக் குற்றமென்கின்றது. பின்னைய சட்டம் அரசியற் பேச்சையும் நெரிக்குமென்று எழுந்த கண்டனத்தில் நியாயமுண்டு. எனினும் உடன்பாடின்றி எடுத்த படத்தையும் உடன்பாடின்றிப் பரப்பும் செயலையும் பேச்சு என்றழைப்பது எனக்கு உடன்பாடன்று. வீட்டிற் புகுந்து திருடியவன் திருட்டுப் பொருளைச் சந்தையில் விற்பதை வாணிப உரிமை என்போமா?

எஞ்சியுள்ளது நடைமுறை. தம் பிள்ளையின் படம் பரவுகின்றதெனக் கேள்வியுற்ற பெற்றோர் தொலைபேசியை உடைப்பதும் செய்தியை அழிப்பதும் வழக்கம். அழித்தால் சான்றும் அழியும். அனுப்பியவனின் எண், நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, படத்தை எவருக்கும் அனுப்பாமல், முறைப்பாடு செய்தல் வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையாயின் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் இலக்கத்தை அழைக்கலாம். வளர்ந்த பெண்களுக்கு 1938 உண்டு. பொலிசில் மகளிர், சிறுவர் பிரிவு தனியே இயங்குகின்றது. பிள்ளையை மறுநாட் காலை வழமைபோலப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள். வகுப்பிலே அவளுடைய இடம் அவளுக்கிருக்கும். அதைப் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு.