சட்டமன்றத்தில் சி. சுப்பிரமணியம்: மொழியும் உணவும்

முன்னுரை

கொங்கு நாடு உழைப்புக்குப் பெயர் பெற்ற மண். ஆழக் கிணறு தோண்டி, ஏற்றமிறைத்துக் கரிசலிலும் செம்மண்ணிலும் விளைவு கண்ட மக்கள் வாழும் பூமி இது. இம்மண் நாட்டுக்கு அளித்த பொதுவாழ்வினருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் சி. எஸ். என்று அன்புடன் அழைக்கப்பட்ட சி. சுப்பிரமணியம் ஆவார். பசுமைப் புரட்சிக்கு வித்திட்ட நடுவண் அமைச்சர் என்றே பலரும் அவரை அறிவர். 1998ஆம் ஆண்டு அவருக்கு வழங்கப்பெற்ற பாரத ரத்னா விருதும் அப்பெருமையையே நினைவூட்டுகிறது.

ஆயின் தில்லிக்குச் செல்லுமுன் 1952 முதல் 1962 வரை பத்தாண்டுகள் அவர் சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் பணியாற்றினார். கல்வி, நிதி, சட்டம் ஆகிய துறைகளின் அமைச்சராகவும் அவை முன்னவராகவும் விளங்கினார். தமிழ் பயில்வோர்க்கு அப்பத்தாண்டுகளே நெருங்கிய தொடர்புடையன. ஒரு மக்கள் பிரதிநிதியை அவர் பெற்ற வாக்குகளைக் கொண்டு அளப்பதா, அவர் விட்டுச் சென்ற சட்டங்களையும் நிறுவனங்களையும் கொண்டு அளப்பதா என்னும் வினாவுக்கு அவர் வாழ்க்கை தக்க சான்றாகிறது. அவ்வினாவை முன்னிறுத்தி அவர்தம் பின்புலம், தேர்தல் களம், கொள்கைப் பணிகள் ஆகியவற்றை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

பிறப்பும் பின்புலமும்

பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள செங்குட்டைப்பாளையத்தில் 1910 சனவரி 30ஆம் நாள் ஒரு வேளாண் குடும்பத்தில் சுப்பிரமணியம் பிறந்தார். திருப்பராய்த்துறைத் தபோவனத்தை நிறுவிய சுவாமி சித்பவானந்தர் இவருடைய நெருங்கிய உறவினர். பள்ளிக் கல்வியை முடித்தபின் சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்றார். பின்னர்ச் சட்டமும் பயின்று தேறினார். அறிவியலும் சட்டமும் ஒருங்கே கற்றவர் என்பது பிற்காலத்தில் அவர் மேற்கொண்ட முடிவுகளை விளங்கிக்கொள்ள உதவும்.

மாணவப் பருவத்தில் நண்பர்களுடன் கூடி 'வனமலர்ச் சங்கம்' என்னும் அமைப்பைத் தொடங்கினார். அந்நண்பர்கள் 'பித்தன்' என்னும் இதழையும் நடத்தினர். அக்குழுவில் இருந்தவர்களுள் இருவர் குறிப்பிடத்தக்கவர்கள். ஒருவர், பின்னாளில் தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியராகத் திகழ்ந்த பெரியசாமித் தூரன். மற்றவர், பின்னாளில் நடுவண் அமைச்சரான ஓ. வி. அழகேசன். தமிழும் அரசியலும் அக்காலத்து இளைஞர்களுக்கு இருவேறு துறைகளாகத் தோன்றவில்லை என்பதற்கு இச்சங்கமே சான்று.

விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்ற சுப்பிரமணியம், 1936 முதல் கோவையில் வழக்கறிஞராகத் தொழில் புரிந்தார். பின்னர் இந்திய அரசியல் நிருணய சபையின் உறுப்பினரானார். தமிழின் தொன்மையை எடுத்துரைத்த காயிதே மில்லத் முகம்மது இசுமாயில் சாகிப் அவர்களும் வீற்றிருந்த அவை அது. மொழிச் சிக்கல் எத்துணைக் கூர்மையானது என்பதை அங்கேயே சுப்பிரமணியம் நேரிற் கண்டார் எனலாம்.

முதற் பொதுத்தேர்தலும் 1954ஆம் ஆண்டுப் போட்டியும்

வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை வழங்கிய முதற் பொதுத்தேர்தல் 1952இல் நிறைவுற்றது. எழுத்தறியாத மக்கள் பெருந்தொகையினராய் இருந்தமையால் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வாக்குப்பெட்டி வைத்து, அதன்மேல் சின்னம் ஒட்டப்பட்டது. காங்கிரசின் சின்னம் நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை. உழவர் நிறைந்த கொங்குச் சிற்றூர்களில் அச்சின்னத்தை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவையே எழவில்லை. எனினும் மாநில அளவில் காங்கிரசு பெற்றவை 375 இடங்களுள் 152 மட்டுமே. பெரும்பான்மையற்ற அந்நிலையில் இராசாசி முதலமைச்சரானார். சுப்பிரமணியம் அவரது அமைச்சரவையில் இடம் பெற்றார்.

அடுத்து வந்தது ஒரு சோதனை. ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் படிப்பு நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் குடும்பத் தொழிலைப் பழக வேண்டும் என்னும் கல்வித் திட்டம் 1953இல் கொணரப்பட்டது. எதிர்ப்பாளர்கள் அதனைக் 'குலக்கல்வித் திட்டம்' என்றழைத்தனர். உழவன் பிள்ளை உழவனாகவும் நெசவாளி பிள்ளை நெசவாளியாகவுமே நின்றுவிட வழிகோலும் திட்டம் என்பது அவர்தம் வாதம். 1953 சூலையில் அத்திட்டத்தைக் கைவிடக் கோரும் தீர்மானத்தின்மீது சட்டமன்றத்தில் 138 வாக்குகள் ஆதரவாகவும் 138 வாக்குகள் எதிராகவும் விழுந்தன. அவையே இரண்டாய்ப் பிளந்து நின்றது. அமைச்சரவையில் அங்கம் வகித்தவர் என்ற முறையில் அத்திட்டத்தின் பொறுப்பில் சுப்பிரமணியத்துக்கும் பங்குண்டு. இதனை மறைத்து அவரைப் போற்றுதல் வரலாற்று நெறியாகாது.

எதிர்ப்பு வலுத்தமையால் 1954இல் இராசாசி பதவி விலகினார். சட்டமன்றக் காங்கிரசுக் கட்சித் தலைவர் தேர்தலில் காமராசரை எதிர்த்து, இராசாசியின் ஆதரவுடன் சுப்பிரமணியம் நின்றார். காமராசர் 93 வாக்குகள் பெற்றார். சுப்பிரமணியத்துக்குக் கிடைத்தவை 41. ஆயினும் எதிர்த்து நின்றவரையே காமராசர் தம் அமைச்சரவையிற் சேர்த்துக்கொண்டு கல்வித் துறையையும் ஒப்படைத்தார். பழைய கல்வித் திட்டம் கைவிடப்பட்டது என்று 1954 மே மாதத்தில் அறிவிக்கும் கடமை, முந்தைய அமைச்சரவையிலும் இருந்த அவருக்கே வாய்த்தது. வென்றவர் காட்டிய பெருந்தன்மையும் தோற்றவர் காட்டிய ஒத்துழைப்பும் ஒருங்கே அமைந்ததனால்தான் அதன்பின் வந்த கல்வி வளர்ச்சி கைகூடிற்று.

கல்விப் பணி

பள்ளி இல்லாத ஊர்களில் பள்ளி திறத்தல், பகலுணவளித்தல், ஊர் மக்களின் கொடையால் பள்ளிகளைச் சீரமைத்தல் ஆகியன காமராசர் ஆட்சியின் புகழ்மிக்க பணிகள். இவற்றைச் செயலாக்கியோருள் கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முதன்மையானவர், அவருக்குத் துறை அமைச்சராகத் துணைநின்றவர் சுப்பிரமணியம்.

ஆசிரியர்கள் மறத்தற்கரிய பணி ஒன்றும் உண்டு. உதவிபெறும் தனியார் பள்ளிகளின் ஆசிரியர்கள் அந்நாளில் ஓய்வு பெற்றபின் வெறுங்கையுடன் வீடு திரும்பினர். 1955இல் சென்னை மாநிலம் சேமநிதி, காப்பீடு, ஓய்வூதியம் ஆகிய மூன்றையும் இணைத்து 'முப்பயன் திட்டம்' ஒன்றை நடைமுறைப்படுத்தியது. சிறுபான்மை மக்கள் தம் உழைப்பாலும் கொடையாலும் நடத்திவந்த உதவிபெறும் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும் அது முதுமையில் ஊன்றுகோலாயிற்று.

ஆட்சிமொழிச் சட்டம்

1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. இரு திங்கள் முடியுமுன், அவ்வாண்டு டிசம்பரில், தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்ட முன்வரைவைச் சுப்பிரமணியம் அவையில் கொணர்ந்தார், அது நிறைவேறியது. மாநிலத்தின் ஆட்சிமொழி தமிழ் என்று அச்சட்டம் அறிவித்தது. அரசு வேறு ஆணை பிறப்பிக்கும் வரை ஆங்கிலமும் தொடரலாம் என்றும் அது கூறியது.

இச்சட்டத்தின் வலிமையும் மெலிவும் இவ்விரு கூறுகளில் அடங்கியுள்ளன. உரிமை உடனே கிடைத்தது; நடைமுறையோ படிப்படியாக வரும் ஆணைகளைச் சார்ந்து நின்றது. கலைச்சொற்கள், தட்டச்சுப் பொறிகள், பயிற்சி பெற்ற எழுத்தர்கள் எவையும் போதிய அளவில் இல்லாத காலத்தில் வேறு வழியும் எளிதாயில்லை. ஆட்சித் துறைச் சொற்களைத் தொகுக்கும் பணி தொடங்கியது. 1957–58ஆம் ஆண்டுக்கான நிதிநிலை அறிக்கையை நிதியமைச்சரான சுப்பிரமணியம் தமிழிலேயே படித்தார். வரியும் செலவும் பற்றிய செய்திகளைப் பொதுமக்கள் தம் மொழியில் கேட்க முடிந்தது மக்களாட்சி வரலாற்றில் சிறிய நிகழ்ச்சியன்று.

கல்லூரியில் தமிழ்

உயர்நிலைப் பள்ளிகளில் தமிழ்வழிக் கல்விக்கு வழிகோலியவர் திருப்பூரில் பிறந்து 1946 முதல் 1949 வரை கல்வியமைச்சராயிருந்த தி. சு. அவினாசிலிங்கம் ஆவார். அவர் நிறுவிய தமிழ் வளர்ச்சிக் கழகமே தூரனின் பொறுப்பில் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. பள்ளியில் தமிழ்வழி பயின்ற மாணவன் கல்லூரி வாயிலில் ஆங்கிலத்தால் தடுத்து நிறுத்தப்பட்டான். அத்தடையை நீக்கும் முயற்சியாக 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் இளங்கலைப் பாடங்களைத் தமிழில் கற்பிக்கும் முன்னோடித் திட்டம் தொடங்கப்பட்டது. அப்போது கல்வியமைச்சர் சுப்பிரமணியமே.

எதிர்ப்பு எழாமலில்லை. பாடநூல் எங்கே, கலைச்சொல் எங்கே, வேலை எங்கே என்று வினவினர். முதலிரண்டு வினாக்களுக்கு விடையாகத் தமிழில் கல்லூரி நூல்கள் எழுதி வெளியிடப்பட்டன. 1970இல் தோன்றிய தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் பின்னர் நூற்றுக்கணக்கில் அத்தகைய நூல்களை வெளியிட்டது. மூன்றாம் வினாவுக்கு விடை கிடைக்க அரை நூற்றாண்டு ஆயிற்று. தமிழ்வழி பயின்றோர்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை வழங்கும் சட்டம் 2010இல்தான் வந்தது.

1967: வாக்காளர் தீர்ப்பு

1962இல் பொள்ளாச்சித் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட சுப்பிரமணியம், 1964இல் லால் பகதூர் சாத்திரி அமைச்சரவையில் உணவு வேளாண்மை அமைச்சரானார். நாடு கப்பலில் வரும் அமெரிக்கக் கோதுமையை எதிர்நோக்கியிருந்த காலம் அது. விளைபொருளுக்கு நியாய விலை கிடைத்தாலன்றி உழவன் புதிய முறைகளை ஏற்கமாட்டான் என்பதை வேளாண் குடியிற் பிறந்த அவர் அறிந்திருந்தார். அதனால் வேளாண் விலைக் குழுவும் இந்திய உணவுக் கழகமும் 1965இல் இயங்கத் தொடங்கின. 1966இல் மெக்சிகோ நாட்டிலிருந்து 18,000 டன் குட்டைரகக் கோதுமை விதை இறக்குமதியாயிற்று. தில்லியில் தாம் குடியிருந்த மாளிகையின் புல்தரையிலும் அவர் அக்கோதுமையைப் பயிரிட்டுக் காட்டினார்.

இந்நிலையில் 1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழகம் கொதித்தெழுந்தது. பிப்ரவரி 11ஆம் நாள் சுப்பிரமணியமும் அவர்தம் இளமைக்கால நண்பர் அழகேசனும் நடுவண் அமைச்சர் பதவிகளை விட்டு விலகுவதாக அறிவித்தனர். மறுநாள், அவர் பிறந்த மண்ணாகிய பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்கள் பலியாயின. ஆங்கிலம் தொடரும் என்னும் உறுதிமொழியைப் பிரதமர் அளித்தபின் விலகல் கடிதங்கள் திரும்பப் பெறப்பட்டன. உயிரிழந்தோரின் குடும்பங்களுக்கு அவ்வுறுதிமொழி ஆறுதலாக அமைந்திருக்க இயலாது.

1967 தேர்தலில் கோபிச்செட்டிப்பாளையம் மக்களவைத் தொகுதியில் அவர் தி.மு.க. வேட்பாளரிடம் தோற்றார். சட்டமன்றத்தின் 234 இடங்களுள் 137ஐத் தி.மு.க. தனித்தே வென்றது. சுதந்திராக் கட்சியும் முஸ்லிம் லீகும் அக்கூட்டணியில் இருந்தன. 1954இல் சுப்பிரமணியத்தை ஆதரித்த இராசாசி இம்முறை எதிரணியின் மேடையில் நின்றார். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்னும் வாக்குறுதியும் இந்தி எதிர்ப்பு முழக்கமும் ஊர்தோறும் ஒலித்தன.

இங்கு ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அத்தேர்தலின் இருபெரும் சிக்கல்கள் மொழியும் உணவும். தமிழுக்கு ஆட்சிமொழிச் சட்டம் கொணர்ந்தவரும் உணவுத் தட்டுப்பாட்டைத் தீர்க்க விதை தேடியவரும் அவரே. அவ்விரு சிக்கல்களாலேயே அவர் கட்சி வீழ்ந்தது. மக்கள் நன்றி மறந்தனர் என்று இதனைக் கூறிவிடல் பொருந்தாது. பசித்தவன் அடுத்த ஆண்டு விளைச்சலுக்காகக் காத்திருக்க மாட்டான். பிள்ளையைப் பறிகொடுத்த ஊர் பழைய சட்டங்களை எண்ணி அமைதி கொள்ளாது. அவ்வாக்காளரின் தீர்ப்பு அந்நாளுக்குரிய தீர்ப்பு. ஆனால் அவர் தூவிய விதை 1968ஆம் ஆண்டு அறுவடையில் 165 இலட்சம் டன் கோதுமையாக விளைந்தது. அவர் கொணர்ந்த ஆட்சிமொழிச் சட்டத்தைப் பின்வந்த ஆட்சிகளும் போற்றிக் காத்தன. 'தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டம், 1956' என்னும் பெயரில் அது இன்றும் நடைமுறையில் உள்ளது.

முடிவுரை

தோல்விக்குப் பின்னரும் அவர் பொதுவாழ்வு தொடர்ந்தது. மீண்டும் மக்களவை உறுப்பினராகி, திட்டம், நிதி ஆகிய துறைகளின் அமைச்சராகவும், 1990 முதல் 1993 வரை மராட்டிய மாநில ஆளுநராகவும் பணியாற்றி, 2000 நவம்பர் 7ஆம் நாள் மறைந்தார்.

வாக்கு ஓர் அரசியலாளரை அவைக்கு அனுப்புகிறது, திரும்பவும் அழைத்துக்கொள்கிறது. இடைப்பட்ட காலத்தில் அவர் எழுதிவைத்த சட்டம், அவருக்கு வாக்களிக்காதவனுக்கும் அவர் இறந்தபின் பிறந்தவனுக்கும் உரிமையாகி நிற்கிறது. வேட்பாளர் வாக்குக் கேட்டு வரும்போது 'என்ன தருவீர்' என்று கேட்பதோடு 'எச்சட்டத்தைக் கொணர்வீர், எந்நிறுவனத்தை வளர்ப்பீர்' என்றும் இளைஞர்கள் வினவ வேண்டும்.

தமிழ்த்துறைக்கும் இதில் ஒரு கடமையுண்டு. தமிழ்வழி பயிலும் மாணவன் இன்றும் தயக்கத்தோடுதான் அதனை வெளியிற் சொல்கிறான். அவனுக்கு வேண்டிய கலைச்சொல்லையும் தெளிவான பாடநூலையும் ஆக்கித்தரும் பணி ஒரு சட்டத்தோடு முடிந்துவிடவில்லை. சங்கப் பாடல்களை ஆராயும் நாம், நிதியும் நீரும் நிலமும் பற்றித் தமிழில் வாதிட்ட சட்டமன்ற உரைகளையும் ஆய்வுப் பொருளாக்குதல் வேண்டும். 1956இல் வந்த சட்டம் ஏட்டளவில் நின்றுவிடாமல் அலுவலகத்திலும் வகுப்பறையிலும் உயிர்பெற அதுவே நாம் செய்யத்தக்க பணியாகும்.