ஒளியிலாத் திண்பொருள் காணும் நெறி

ஒளியிலாத் திண்பொருளைக் காண்டல் யாங்ஙனம்? அஃது ஒரு விண்மீனுக்கும் நமக்கும் இடையே செல்லுங்கால் அதன் ஈர்ப்பு மீனொளியை வளைக்கும். மீன் சின்னாள் மிக்கொளிர்ந்து, ஏறியவாறே இறங்கும். இதனை ‘ஈர்ப்பு நுண்வில்லை’ என்ப. கண்ணாடி வில்லைக்குள்ள ஒற்றைக் குவியம் இதற்கின்மையின், அப்பெயர் முற்றும் பொருந்துவதன்று.

பெரிய மகெல்லன் முகிலின் மீன்களை இம்முறையால் நோக்கலாம் என 1986-இல் போலந்து வானியலார் பாச்சின்சுகி கூறினார். அவ்வாறு நோக்கிய மாக்கோ குழுவினர், நம் விண்மீன் மண்டிலத்தைச் சூழ்ந்த கரும்பொருளில் ஐந்திலொரு கூறு இத்தகைய திண்பொருளாகலாம் என 2000-இல் மொழிந்தனர். சிலி நாட்டினின்று இருபதாண்டு நோக்கிய ஓகிள் குழுவினர் 2024-இல் அதனை மறுத்தனர். கரும்பொருள் முழுதும் ஞாயிற்றின் நிறையுடைய திண்பொருள்களாயின், 500-க்கு மேற்பட்ட ஒளிர்வுகள் தோன்றியிருத்தல் வேண்டும். தோன்றியன 13, அவையும் வழக்கமான மீன்களால் நிகழ்ந்தனவாகவே கொள்ளத்தக்கன.