பெரிய நிலையமும் புதிய பயணியும்

வெளியூர் புறப்படுகிறவர்களுக்கு இரண்டு பொருள்களைக் கொடுத்தனுப்புவது நம் நாட்டுப் பெரியோர்களின் வழக்கம். ஒன்று கட்டுச்சோறு, மற்றொன்று வழி. "ஆலமரத்தடியில் பாதை பிரியும், வலக்கைப் பக்கம் போ. ஏரிக்கரை வந்ததும் யாரையேனும் கேள்" என்று சொல்லித்தான் அனுப்பி வைப்பார்கள். கட்டுச்சோறு ஒரு வேளைக்கு உதவும்; கேட்டறிந்த வழியோ வாழ்நாள் முழுவதும் உதவும். அந்த இரண்டாவது பொருளைப் பற்றி, முதலாவதையும் மறந்துவிடாமல், நேயர்களாகிய உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறேன். நான் எடுத்துக்கொண்டிருக்கும் இடம் சென்னை சென்ட்ரல் ரயில் நிலையம்.

நான் குடியிருப்பது திருவள்ளூர் ரயில் நிலையத்தை அடுத்த மணவாள நகரில். ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன். என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறவர்கள் இப்போது இலக்கண ஐயம் கேட்பதில்லை. "ஐயா, சென்ட்ரலில் இறங்கினால் எந்தப் பக்கம் போகவேண்டும்?" என்றுதான் கேட்கிறார்கள். மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போகும் தந்தையர், எதிரேயுள்ள அரசுப் பொது மருத்துவமனைக்கு நோயாளியை அழைத்துச் செல்லும் பெண்கள், முதன்முறையாக வேலைக்குப் புறப்படும் பிள்ளைகள் எனப் பலரும் அவர்களுள் உண்டு. அவர்களுக்குச் சொன்னதையே இங்கே ஒழுங்குபடுத்திச் சொல்கிறேன்.

முதலில் இடத்தின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அந்த இருப்புப்பாதை எங்கள் திருவள்ளூர் வழியாகவே செல்கிறது. இராயபுரத்தில் நெரிசல் மிகவே, 1873இல் பார்க் டவுன் பகுதியில் சென்ட்ரல் நிலையம் எழுந்தது. ஜார்ஜ் ஹார்டிங் வகுத்த கட்டடத்துக்கு இராபர்ட் சிஷோம் மேலும் அழகு சேர்த்தார். நாற்புறமும் முகம் காட்டும் கடிகாரத்தைத் தாங்கிய அந்தக் கோபுரத்தின் உயரம் 136 அடி. 2019இல் இந்நிலையத்துக்குப் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ஆர். பெயர் சூட்டப்பட்டது. ஆயினும் மக்கள் நாவில் அது இன்றும் சென்ட்ரல்தான்.

இனி, அங்கே போகும் வழி. திருவள்ளூரிலிருந்து சென்ட்ரல் ஏறத்தாழ 42 கிலோமீட்டர். 1979இல் இத்தடம் மின்மயமான பின் நமக்கு மின்சார ரயில் கிடைத்தது. ஆனால் கிழக்கு நோக்கிப் போகும் மின்சார ரயில்கள் யாவும் சென்ட்ரலுக்குப் போவன அல்ல. கடற்கரைக்கும் வேளச்சேரிக்கும் போகும் வண்டிகளும் உண்டு, அவை வியாசர்பாடி ஜீவாவைக் கடந்ததும் வேறு பாதையில் திரும்பிவிடும், சென்ட்ரலைத் தொடுவதில்லை. தவறி ஏறிவிட்டவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. கடற்கரை நிலையத்தில் இறங்கித் தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில் ஏறினால், கோட்டைக்கு அடுத்த நிலையமாகிய பூங்கா நிலையம் சென்ட்ரலுக்கு நேரெதிரே இருக்கிறது. சாலையைக் குறுக்கே கடக்காமல் சுரங்கப்பாதை வழியே வந்துவிடலாம்.

திரும்பி வருகையிலும் ஒரு கவனம் தேவை. திருவள்ளூர், அரக்கோணம் வண்டிகளும், கும்மிடிப்பூண்டி, சூலூர்பேட்டை வண்டிகளும் ஒரே புறநகர் முனையத்திலிருந்தே புறப்படுகின்றன. பேசின் பாலம் வரை இரண்டுக்கும் பாதை ஒன்று. அதன்பின் ஒன்று மேற்கே செல்லும், மற்றொன்று வடக்கே செல்லும். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் போகவேண்டியவர் ஆவடியில் விழிப்பதும், ஆவடிக்குப் போகவேண்டியவர் பொன்னேரியில் விழிப்பதும் இதனால்தான். ஏறிய வண்டியில் ஐயம் தோன்றினால் பேசின் பாலத்திலேயே இறங்கிவிடுங்கள். அங்கே திருத்திக்கொள்ளும் பிழை பத்து நிமிடப் பிழை. அதற்கு அப்பால் அது அரை நாள் பிழை.

இந்தப் புறநகர் முனையத்துக்கு மூர் மார்க்கெட் வளாகம் என்று பெயர். நிலையத்துக்கு ஏன் சந்தையின் பெயர் என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். 1900இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட் அந்த இடத்தில்தான் இருந்தது. ஆசிரியப் பயிற்சி மாணவனாக இருந்தபோது நான் வண்டியை விட்டு இறங்கியதும் கால்கள் தாமே அங்கே நடக்கும். பழைய புத்தகக் கடைகளில் ஒரு நன்னூல் உரையைப் பேரம் பேசி வாங்கி, மீதிக் காசுக்கு இரண்டு இட்டிலி தின்று ஊர் திரும்பிய நாள்கள் உண்டு. 1985ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் சந்தை தீக்கிரையாயிற்று. அந்த இடத்தில் ரயில்வே வளாகம் எழுந்தது. கடைக்காரர்கள் அருகிலுள்ள அல்லிக்குளம் வளாகத்துக்குப் பெயர்ந்தார்கள்.

வெளியூர் வண்டிகள் நிற்பது இதையடுத்த பெரிய கட்டடத்தில். அங்கே புதிதாக நுழைகிறவர் முதலில் மலைத்துப் போவார். ஆனால் அதன் அமைப்பு மிக எளிது. சென்ட்ரல் ஒரு முனைய நிலையம். பாதைகள் அங்கே முடிந்துவிடுகின்றன. விரித்து வைத்த கைவிரல்களைப் போல நடைமேடைகள் நீண்டிருக்க, உள்ளங்கையைப் போல ஒரு பெருங்கூடம் அவற்றை இணைக்கிறது. ஆகவே ஒரு நடைமேடையிலிருந்து மற்றொன்றுக்குப் படியேறி இறங்காமல் சமதளத்திலேயே நடந்து செல்லலாம். முதியோருக்கும் நோயாளிகளுக்கும் இது பெரிய வசதி. எண்களில் ஒரு வேடிக்கை மட்டும் உண்டு: 2க்கும் 3க்கும் நடுவே 2ஏ என்று ஒரு நடைமேடை இருக்கிறது.

நடக்கும் தொலைவைக் குறைவாக எண்ணிவிடாதீர்கள். 24 பெட்டிகள் கொண்ட வண்டி அரைக் கிலோமீட்டருக்கும் அதிக நீளமுடையது. உங்கள் பெட்டி கடைக்கோடியில் இருந்தால், மூட்டையோடும் குழந்தையோடும் அதை அடையப் பதினைந்து நிமிடங்கள் பிடிக்கும். வண்டி புறப்படுவதற்கு முக்கால் மணி முன்னதாக நிலையத்தில் இருப்பது நலம்.

நிலையத்தையே மாற்றிக்கொள்வது மற்றொரு பிழை. கோயம்புத்தூர், பெங்களூர், கேரளம், வடநாடு ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் சென்ட்ரல். மதுரை, திருநெல்வேலிப் பக்கத்துக்குப் பெரும்பாலும் எழும்பூர். "பெரும்பாலும்" என்ற சொல்லை வேண்டுமென்றே போட்டேன். சீட்டில் அச்சிட்டிருப்பதே முடிவு. மாறி வந்துவிட்டால் மெட்ரோ ரயிலில் எழும்பூர் அடுத்த நிறுத்தமே. 2018இல் திறக்கப்பட்ட சென்ட்ரல் மெட்ரோ நிலையம் தரைக்கு அடியில் இருக்கிறது.

அடுத்து, காலத்தைப் படிக்கும் முறை. இரயில்வே நாள் நள்ளிரவில் பிறக்கிறது. சீட்டில் 10ஆம் தேதி, 00.20 மணி என்றிருந்தால், 9ஆம் தேதி இரவு உண்டு முடித்துப் புறப்படவேண்டும். மாணவர்களுக்கு நான் பலமுறை நடத்திய பாடம் இது. ஆயினும் என் மகளை ஒரு நேர்முகத் தேர்வுக்கு அழைத்துச் சென்றபோது, 10ஆம் தேதி இரவு நிம்மதியாகப் போய் நின்றவன் நானேதான். வண்டி போய் ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருந்தது. மகள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மௌனம் எனக்கு நன்றாகக் கணக்குக் கற்பித்தது.

வண்டியைப் பெயரால் மட்டும் தேடாமல் எண்ணால் தேடுங்கள். 2010ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வண்டிகளுக்கு ஐந்து இலக்க எண் வழங்கப்படுகிறது. பெங்களூர் மெயில், மங்களூர் மெயில் இரண்டும் சென்ட்ரலிலிருந்தே புறப்படுவன. இரைச்சலில் காதுக்கு இரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்கும். ஆனால் 12657க்கும் 12601க்கும் மயக்கமில்லை. மின்பலகையில் தமிழும் இந்தியும் ஆங்கிலமும் மாறிமாறி வரும். உங்களுக்குத் தெரிந்த எழுத்து வரும்வரை ஒரு நிமிடம் பொறுத்து நில்லுங்கள். அந்த ஐந்து எண்களையும் வீட்டிலேயே ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால், எழுத்தறியாதவரும் அதைப் பிறரிடம் காட்டலாம்.

இனி உணவு. வீட்டுப் புளிச்சோற்றுக்கு ஈடில்லை. இயன்றவர்கள் கட்டிக்கொண்டு போகலாம். இயலாதவர்கள் ஏமாற வேண்டியதில்லை. 2023இல் இரயில்வே, முன்பதிவில்லாப் பெட்டிகள் நிற்கும் இடத்துக்கு அருகே 20 ரூபாய்க்குச் சிக்கன உணவு தரும் திட்டத்தைத் தொடங்கியது. ஏழு பூரியும் உருளைக்கிழங்குக் கறியும் அதில் அடக்கம். தெற்கே எலுமிச்சைச் சாதம், புளிச் சாதம், தயிர்ச் சாதமும் அதே விலைக்கு விற்கப்பட்டன. இது கண்ணாடி அலமாரியில் முன்வரிசையில் இராது, வாய்விட்டுக் கேட்கவேண்டும். ஒரு லிட்டர் ரயில் நீர் பாட்டிலின் விலை 2025 செப்டம்பரில் 15 ரூபாயிலிருந்து 14 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. குழாய்த் தண்ணீரோ விலையில்லாதது.

கடைகளில் வாங்கும்போது ஒரே விதியை நினைவில் வையுங்கள்: ரசீது கேளுங்கள். ரசீது தராவிட்டால் பணம் தரவேண்டியதில்லை என்பது இரயில்வேயே அறிவித்திருக்கும் விதி. அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் 139 என்ற எண்ணில் முறையிடலாம். ஒரு ரூபாய்தானே என்று நாம் விட்டுவிடுவது, நமக்குப் பின்னால் நிற்கும் ஏழையிடம் அதே ஒரு ரூபாயைக் கேட்பதற்கு இசைவு கொடுப்பதாகும். மற்றபடி பூட்டு, பல்துலக்கி, போர்வை போன்றவற்றை ஊரிலேயே வாங்கிவிடுவது சிக்கனம். நிலையத்தில் வாங்கத்தக்கவை குழந்தைக்குப் பாலும் வழிக்கு ஒரு புத்தகமும் என்பது என் கருத்து.

இத்தனையும் சொன்னபின், இவற்றையெல்லாம்விடப் பெரிய ஒன்று எஞ்சியிருக்கிறது. 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்ட்ரல் நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்புகள் சோதனை முறையில் நிறுத்தப்பட்டன. பலகைகளைப் பார்த்து அறிந்துகொள்ளலாம் என்பது ஏற்பாடு. விமான நிலையங்களில் இத்தகைய அமைதி வழக்கமானதே. இரைச்சல் குறைவதும் நன்மையே. ஆயினும் பார்வையற்றோரும் எழுத்தறியாதோரும் இடர்ப்படுவார்கள் என்ற குரல் எழுந்தது. பயணிகள் குறை கூறவே, சில நாள்களிலேயே அறிவிப்புகள் மீண்டும் ஒலிக்கத் தொடங்கின. படிக்கத் தெரிந்தவனுக்குப் பலகை போதும். எல்லாருக்கும் போதாது என்பதை அந்தச் சில நாள்கள் காட்டின.

பலகையும் ஒலிபெருக்கியும் ஒருங்கே இருந்தும் போதாத இடமும் உண்டு. ஒருநாள் இரவு, பெருங்கூடத்தில் ஒரு மூதாட்டி சீட்டைக் கையில் விரித்துப் பிடித்தபடி நின்றிருந்தார். "சாமி, கோயமுத்தூர் வண்டி எங்க நிக்குது? மூணு பேரைக் கேட்டேன். மூணு பேரும் மேலே கையைக் காட்டிட்டுப் போயிட்டாங்க" என்றார். மேலே பலகை ஒளிவிட்டுக் கொண்டிருந்தது. அம்மூவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒருவரும் விடை சொல்லவில்லை. நான் அவரைப் பெட்டிவரை அழைத்துச் சென்று அமர்த்தினேன். "நீங்க நல்லா இருக்கணும், சாமி. எங்க பையனுக்கு ஆபரேசன்" என்றார். வண்டி புறப்பட நான்கு நிமிடங்களே இருந்தன.

நேயர்களே! இப்போது வடநாட்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் எண்ணற்ற இளைஞர்கள் நம் கும்மிடிப்பூண்டிக்கும் திருவள்ளூருக்கும் தொழிற்சாலை வேலை தேடி வந்து, இதே கூடத்தில் இறங்குகிறார்கள். தம் மொழியில் படித்தவர்களும் நம் எழுத்தின் முன் அந்த மூதாட்டியைப் போலவே நிற்கிறார்கள். நாளை நம் பிள்ளைகள் ஹௌராவிலோ புது டில்லியிலோ அவ்வாறே நிற்கக்கூடும். ஆகையால் புதிய பயணிக்கு நான் சொல்வது: கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள், ஒருவரைக் கேட்டபின் மற்றொருவரையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பழகிய பயணிக்கு நான் சொல்வது: உங்களை ஒருவர் வழி கேட்டால் பலகையைச் சுட்டாதீர்கள். நின்று, சீட்டை வாங்கிப் பார்த்து, வாயால் சொல்லுங்கள். முடிந்தால் பத்தடி உடன் நடந்து செல்லுங்கள். கட்டுச்சோறு கொடுத்தனுப்பிய நம் முன்னோர்கள் வழியையும் அப்படித்தான் கொடுத்தனுப்பினார்கள்.